தம்பதியர் நடத்தும் பல் மருத்துவமனை: ஒரு பல்லைக் காப்பாற்றிய கருத்து வேறுபாடு

வேறோர் இடத்தில் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லப்பட்ட என் கீழ்க் கடைவாய்ப்பல் இன்றும் என் வாயில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் மென்றும் வருகிறேன். கணவனும் மனைவியுமாக இரண்டு பல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்றரை ஆண்டுகளாக நானும் என் அம்மாவும் சிகிச்சை பெற்று வருகிறோம். அந்தப் பல் தப்பியது அவர்கள் இருவரும் என் முன்னிலையிலேயே கருத்து மாறுபட்டதால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த மதிப்புரையை எழுத முனைந்ததும் அதனால்தான்.

அடிப்படைப் பல் மருத்துவப் படிப்புக்குப் பிறகு இருவரும் வெவ்வேறு துறைகளில் மேற்படிப்பு முடித்தவர்கள். மனைவி வேர் சிகிச்சை நிபுணர், கணவர் ஈறுநோய் நிபுணர். பல் எடுப்பது, எடுத்த இடத்தில் தாடை எலும்பில் செயற்கை வேர் (இம்ப்ளான்ட்) பொருத்துவது ஆகியவற்றையும் கணவரே செய்கிறார். வருகிறவர்கள் 'மேடம் டாக்டர்', 'சார் டாக்டர்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டு சிகிச்சை அறைகள், அவற்றுக்கு நடுவே கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை, ஒரே வரவேற்பு மேசை, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே கோப்பு என்பதுதான் அமைப்பு. முதல் முறை வருகிறவரை யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் பார்க்கிறார். ஆனால் சாதாரண அடைப்பு, பல் சுத்தம் ஆகியவற்றைத் தாண்டிய எந்தச் சிகிச்சையையும் மற்றவர் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே தொடங்குகிறார்கள். இந்த வழக்கத்தை எவ்வளவு உண்மையாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது என் பல்லின் விஷயத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போனபோது இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் கடித்தால் வலித்தது. இரவில் படுத்ததும் துடித்தது. பல் மருத்துவர்கள் அதை 36 என்று குறிப்பிடுகிறார்கள். வாயை நான்காகப் பிரித்து, எந்தக் கால்பகுதி என்பதை முதல் எண்ணாலும் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை இரண்டாவது எண்ணாலும் சொல்லும் முறை அது. அந்தப் பல்லில் பல ஆண்டுகளுக்கு முன் வைத்த பெரிய அடைப்பு ஒன்று இருந்தது. முன்பு நான் காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்ததும், பல் விரிசல் விட்டுவிட்டது, எடுத்துவிட்டுச் செயற்கை வேர் பொருத்துவதே வழி என்று சொல்லிவிட்டார்கள். விரிசலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பல் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவும் இல்லை. அப்படியொரு சோதனை இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

இங்கே முதலில் பார்த்தவர் கணவர். மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் ஆழத்தை அளந்தார். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார்: "மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு." ஆறாவது இடத்தில் கம்பி திடீரென்று உள்ளே இறங்கியது. "எட்டு" என்றார். ஆரோக்கியமான ஈறில் அந்த ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்று பிற்பாடு விளக்கினார். ஈறுநோயாக இருந்தால் பள்ளம் அகலமாக, படிப்படியாக ஆழமாகும்; சுற்றிலும் நன்றாக இருந்து ஒரே இடத்தில் மட்டும் குறுகலாகக் கிணறுபோல இறங்கினால், வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயிலும் வேரின் நுனியிலிருந்து பக்கவாட்டில் ஏறிய கருநிழல் தூண்டில் முள்ளைப் போல வளைந்து தெரிந்தது. அதுவும் பிளவுக்கு ஒத்துவரும் அறிகுறிதான். வேர் பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே எடுப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அவரும் சொன்னார். இரண்டாவது இடத்திலும் அதே பதில் கிடைத்துவிட்டதே என்று நான் மனம் தளர்ந்தேன்.

அவர் கோப்பில் எதையும் முடிவாக எழுதாமல் மனைவியை அழைத்தார். நோயாளிகள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் 'டாக்டர்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மையார் முதலில் எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. குளிர்ச்சியூட்டிய சிறு பஞ்சை முன்பல்லில் வைத்துக் கூச்சம் தெரிகிறதா என்று கேட்டார், தெரிந்தது. பக்கத்துப் பல்லில் வைத்தார், அங்கும் சுரீரென்றது. 36-இல் வைத்தபோது எதுவுமே தெரியவில்லை. பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ் செத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதன் பிறகு கணவரைப் பார்த்து, "டாக்டர், இந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சையே செய்யவில்லை. நெடுக்குப் பிளவு பெரும்பாலும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பற்களில்தானே வருகிறது? செத்த பற்கூழிலிருந்து சீழ் பல்லோரமாக வழி பண்ணிக்கொண்டு வெளியே வந்தாலும் இப்படித்தான் ஒரே இடத்தில் இறங்கும்" என்றார். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய அடைப்பு வைத்த பல், கடித்தால் வலி, எக்ஸ்ரேயில் இந்த நிழல் என்று மூன்றையும் எடுத்துச்சொல்லி, பிளவு இருந்தால் வேர் சிகிச்சைக்குச் செலவழிக்கும் நேரமும் பணமும் இவருக்கு வீண்தானே என்று கேட்டார். ஏறத்தாழப் பத்து நிமிடம் பேசினார்கள். குரல் உயரவில்லை, ஒருவர் சொல்வதை மற்றவர் இடைமறிக்கவும் இல்லை. நான் நாற்காலியில் சாய்ந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்கள் வந்தடைந்த ஏற்பாட்டை நான் மிக மதிக்கிறேன். எந்த அறிகுறி தெரிந்தால் யார் சொன்னது சரி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, என் கோப்பில் எழுதி, எனக்கும் படித்துக்காட்டினார்கள். பல்லைத் திறந்து நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பது. நீலச் சாயம் தடவிப் பார்க்கும்போது பல்லின் உள்தளத்தில் விரிசல் கோடு தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு எடுப்பது. தெரியாவிட்டால் வேர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து மருந்து வைத்து மூன்று வாரம் கழித்து அந்தப் பள்ளத்தை மறுபடியும் அளப்பது. சீழ்வழியாக இருந்தால் அது மூடிக்கொண்டிருக்கும், பிளவாக இருந்தால் அப்படியே இருக்கும். இதில் கணவர் ஒரு நிபந்தனையும் சேர்த்தார். அதுவரை அந்த இடத்தில் ஈறுக்கடியில் சுரண்டிச் சுத்தம் செய்ய மாட்டேன் என்றார். சீழ்வழியாக இருந்தால் வேரின் மேல் ஒட்டியிருக்கும் நார்கள் தாமாகவே மறுபடியும் பற்றிக்கொள்ளக்கூடும், சுரண்டினால் அவை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். எடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணியவரே அந்தப் பல் பிழைத்தால் அதற்குக் கேடு வரக்கூடாது என்றும் யோசித்தது என் மனத்தைத் தொட்டது.

பல்லைத் திறந்த அன்று திரையில் எனக்கும் காட்டினார்கள். சாயம் பழைய அடைப்பின் ஓரத்தில் மட்டும் தங்கியது. உள்தளத்தில் கோடு எதுவும் இல்லை. ஐந்து வாரம் கழித்துக் கணவர் மறுபடியும் அளந்தார். (மூன்று வாரத்தில் நடந்திருக்க வேண்டியது ஏன் தள்ளிப்போனது என்பதைக் கீழே சொல்கிறேன்.) எட்டு இருந்த இடத்தில் மூன்று. நம்பிக்கை வராமல் கம்பியைச் சற்றே நகர்த்தி மீண்டும் அளந்துவிட்டு, மனைவியின் அறைக்குத் தாமே நடந்துபோய், "மூணுதான் டாக்டர், நீங்க சொன்னதுதான் சரி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஆறாவது மாத எக்ஸ்ரேயில் நிழல் பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. ஓராண்டு கழித்து எடுத்ததில் அங்கே எலும்பின் வலைப்பின்னல் மறுபடியும் தெரிந்தது.

கணவன் மனைவி இருவருமே ஒரே இடத்தில் மருத்துவர்கள் என்றால் இரண்டாவது கருத்து என்பது பெயரளவுக்குத்தானே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு கூட்டாளிகள் நடத்தும் இடத்தில் யார் சிகிச்சை செய்தாரோ அவருக்கே வருமானம் என்ற கணக்கு இருக்கக்கூடும்; அதனால் நோயாளியை மற்றவரிடம் அனுப்பத் தயக்கம் வரலாம். தம்பதியருக்கு வீட்டில் ஒரே பணப்பை. ஈறுக்கானதை அவரும் வேருக்கானதை இவரும் பார்ப்பதில் யாருக்கும் இழப்பில்லை. ஆகவே தகுந்த ஆளிடம் நோயாளி தடையின்றிப் போய்ச் சேர்கிறார். அதே பணப்பைக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய சிகிச்சையைப் பரிந்துரைத்தால் இருவருக்குமே நன்மை, அதைத் தடுப்பதற்கு வெளியாள் யாரும் அங்கில்லை. என் விஷயத்தில் அவர்கள் நேர்மையாக நடந்தார்கள் என்பதற்காக இந்த ஐயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். செயற்கை வேர், பல பற்களுக்கு ஒரே நேரத்தில் கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் உறை) போன்றவற்றைப் பரிந்துரைத்தால் வெளியே ஒருவரிடமும் கேட்டுக்கொள்வதே நல்லது. அதற்கு அவர்கள் முகம் சுளிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே எக்ஸ்ரேயின் நகலைக் கையில் கொடுத்து, வேறு யாரிடமாவது காட்டிவிட்டு வந்தாலும் சரி என்று அந்த அம்மையார் சொன்னார்.

அவரது கைத்திறனைப் பற்றியும் சற்று எழுத வேண்டும். ஊசிக்கு அஞ்சிப் பல் வலியைப் பல மாதம் பொறுத்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். அவர் ஊசி போடுமிடத்தில் முதலில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, அது வேலை செய்யும் வரை காத்திருந்தார். பிறகு மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினார். ஊசி குத்துவதைவிட மருந்து வேகமாக உள்ளே போவதுதான் அதிகம் வலிக்கும் என்று அப்போது சொன்னார். எனக்கு வெறும் அழுத்தம் மட்டுமே தெரிந்தது. கீழுதடு பாதி மரத்து, நாக்கின் ஓரமும் தடித்ததுபோல ஆனது. அதன் பிறகும் குளிர்ந்த பஞ்சைப் பக்கத்துப் பல்லில் வைத்து மரத்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே கருவியைக் கையில் எடுத்தார்.

சிகிச்சை பெறும் பல் மட்டும் வெளியே தெரியும்படி மெல்லிய ரப்பர் திரை ஒன்றை வாயின் மேல் விரித்து, வளையத்தால் பல்லில் பிடிக்கவைத்தார்கள். 1864-இல் சான்ஃபோர்டு பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்த எளிய முறை இது. எச்சிலிலுள்ள கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், கால்வாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் கரைசலும் சிறு கம்பிகளும் தொண்டைக்குள் போகாமலும் தடுப்பது இதன் வேலை. இதை வைப்பதற்குச் சில நிமிடமே ஆகிறது. முன்பு வேறு இடங்களில் எனக்குச் செய்த இரண்டு வேர் சிகிச்சைகளிலும் யாரும் இதைப் பயன்படுத்தியதில்லை. வேர் சிகிச்சைக்குப் போகும் எவரும் இதை வைப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு கால்வாயின் நீளத்தையும் மின்கருவியால் அளந்தபோது, கம்பி வேர் நுனியை நெருங்க நெருங்க அதன் பீப் ஒலி நெருக்கமானது. அவர் மில்லிமீட்டரில் "இருபதரை" என்றால் உதவியாளரும் "இருபதரை" என்று திருப்பிச் சொல்லிவிட்டே எழுதினார். இந்தப் பல்லில் மூன்று கால்வாய்கள் இருப்பது வழக்கம், நான்காவதும் இருக்கக்கூடும், எனக்கு இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் நுண்ணோக்கியில் இருபது நிமிடம் செலவிட்டார். விட்டுப்போன கால்வாயில் கிருமி தங்குவதுதான் வேர் சிகிச்சை தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதால், அந்த இருபது நிமிடத்தை நான் பெரிதாக எண்ணுகிறேன். பள்ளம் மூடிய பிறகு கால்வாய்களைக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலால் ஆன பொருளைக் கொண்டு நிரப்பி, அதன் மேல் கிரவுன் பொருத்தினார்கள். கிரவுன் வைத்த அன்று கடி சற்றே உயரமாக இருப்பதாக நான் சொன்னபோது, நான்கு முறை வண்ணத்தாளைக் கடிக்க வைத்துத் திருத்தினார்.

கருவிகளின் சுத்தத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. உறையை என் முன்னால்தான் பிரிக்கிறார்கள்; நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியின் வெப்பம் பட்டு உறையின் பட்டை நிறம் மாறியிருப்பதையும் காட்டுகிறார்கள்.

என் அம்மாவைப் பார்த்தவர் கணவர். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர் அம்மா. ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களை எடுக்க வேண்டியிருந்தது. பல் எடுப்பதற்கு முன் அந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு, அம்மா தாமாகவே நிறுத்தும் எண்ணத்தில் இருந்தார். "அம்மா, அதை நீங்களா நிறுத்தவே கூடாது. பல்லில் வரும் இரத்தத்தை நான் அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடுவேன், உள்ளே இரத்தம் உறைந்தால் அது உயிருக்கே ஆபத்து" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இதய மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பதில் வந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பல் என்று இரண்டு முறையாக எடுத்தார். ஒவ்வொரு முறையும் தையல் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருக்கச் செய்து, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார். இரண்டு நாளும் மாலையில் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். இரண்டாம் முறை அம்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த வழியாகப் போன மனைவியும் அருகில் அமர்ந்து, பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

இப்போது குறைக்கு வருகிறேன். இருவரும் ஒரே குடும்பம் என்பதால், வீட்டில் ஏதேனும் என்றால் இருவருமே இருப்பதில்லை. என் பல்லில் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருந்த இரண்டாவது வாரத்தில், மருத்துவமனை ஆறு நாள் மூடியிருந்தது. மூன்றாம் நாள் அந்தத் தற்காலிக அடைப்பு பாதி உடைந்து விழுந்தது. தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. கதவில் இன்னொரு மருத்துவரின் எண் மட்டும் ஒட்டியிருந்தது. அவரிடம் என் கோப்போ எக்ஸ்ரேயோ எதுவும் இல்லை. உள்ளே என்ன மருந்து வைத்திருக்கிறது என்று அவர் கேட்டபோது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மேலாக மூடி அனுப்புவதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அதற்குள் எச்சில் உள்ளே கசிந்திருக்கும் என்பதால், இவர்கள் திரும்பி வந்ததும் கால்வாய்களை மறுபடியும் கழுவி மருந்து வைத்து முதலிலிருந்து நாள் எண்ண வேண்டியதாயிற்று. பள்ளத்தை அளப்பது ஐந்து வாரத்துக்குத் தள்ளிப்போனது இதனால்தான். அந்த நாட்களில் பல் கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. எல்லாவற்றையும் எழுதிவைக்கும் இவர்கள், நடுச் சிகிச்சையில் இருப்பவர்களைப் பற்றி மாற்று மருத்துவரிடம் ஒரு தாள்கூடக் கொடுக்காமல் போனது பெரிய தவறு.

அதை நான் நேரடியாகச் சொன்னேன். இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடியும் செய்த பகுதிக்குக் கட்டணம் வாங்கவில்லை. அதற்குப் பிறகு வேர் சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களுக்கு, எந்தப் பல், எத்தனை கால்வாய், ஒவ்வொன்றின் நீளம், உள்ளே உள்ள மருந்து, அடுத்த கட்டம் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து விடுமுறை எடுப்பது நிற்கவில்லை. அண்மையில்கூட நான்கு நாள் மூடியிருந்தது. அவர்களுக்கும் குடும்பம் உண்டு என்பது புரிகிறது. ஆயினும் அந்த நாட்களில் தொலைபேசியை எடுக்க ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரமும் கூடுதல்தான். ஒருவரை மற்றவர் கூப்பிட்டு ஆலோசிக்கும்போது அந்த மற்றவருடைய அறையில் இருப்பவர் காத்திருக்க நேர்கிறது. எனக்கு நிகழ்ந்த அந்தப் பத்து நிமிட விவாதத்தின்போதும் பக்கத்து அறையில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருந்திருப்பார். அதை எண்ணி, என் முறை வரும்போது அரை மணி நேரத் தாமதத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். அவசரமாக வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குவது நல்லது.

முதல் முறை போகிறவர்கள் யாரைப் பார்ப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. ஈறில் இரத்தம், பல் ஆட்டம், பல் எடுப்பது என்றால் கணவரையும், சூடு அல்லது குளிர்ச்சி பட்டதும் கூச்சம், இரவு வலி, பழைய அடைப்பில் தொல்லை என்றால் மனைவியையும் கேட்டு நேரம் வாங்கலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். வேர் சிகிச்சை தொடங்குவதாக இருந்தால், அடுத்த மூன்று நான்கு வாரத்தில் மருத்துவமனை எப்போது மூடியிருக்கும் என்பதை முதல் நாளே வரவேற்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.